நோயுற்ற மான் இறைச்சி மனித மூளையைக் கெடுக்குமா?



அமெரிக்காவில் மான் வேட்டை இன்றும் சட்டப்படி நடக்கிறது. ஒவ்வொரு வேட்டைக் காலத்திலும் லட்சக்கணக்கான மான்கள் வீட்டுச் சமையலறைக்குப் போகின்றன. அவற்றில் சில மான்களுக்கு மூளை நோய் இருக்கிறது. அந்தக் கறியைத் தின்றவருக்கும் நோய் வருமா? இதுதான் கேள்வி.

நோய் எது?

1967-ல் கொலராடோ மாநிலத்தின் போர்ட் காலின்ஸ் நகரில் ஆராய்ச்சிக்காக வளர்த்த மான்கள் மெலிந்து மெலிந்து செத்தன. தலை தொங்கும், எச்சில் ஒழுகும், கடைசியில் எலும்பும் தோலும்தான் மிஞ்சும். 1970-களின் இறுதியில் எலிசபெத் வில்லியம்ஸ் என்ற பெண் விஞ்ஞானி, செத்த மான்களின் மூளை ஸ்பாஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருப்பதைக் கண்டறிந்தார். 1981-ல் காட்டு மானிடமும் நோய் தென்பட்டது. அமெரிக்காவில் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள், கனடா, தென் கொரியா, நார்வே, பின்லாந்து, சுவீடன் எனப் பல இடங்களில் இது பதிவாகியுள்ளது.

காரணம் எது?

பாக்டீரியா அல்ல, வைரசும் அல்ல. பிரியான் என்ற புரதம்! 1982-ல் இப்பெயரைச் சூட்டிய ஸ்டான்லி புருசினர் 1997-ல் நோபல் பரிசு பெற்றார். உடலில் இயல்பாக உள்ள ஒரு புரதம் தப்பாக மடிந்துவிடுகிறது. பக்கத்திலுள்ள நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே மடித்துவிடுகிறது. நம்ம பவுண்டரி ஷாப்பில் பேட்டர்ன் கோணலாக இருந்தால் வருகிற காஸ்டிங் எல்லாம் கோணல்தானே, அந்த மாதிரி.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான். அம்மாவுக்குத் தெரிந்த சுகாதாரப் பாடம் ஒன்றுதான்: "நல்லா வேகவெச்சா எந்தக் கிருமியும் செத்துப்போயிடும்." பெரும்பாலான கிருமிகளுக்கு அது சரிதான். ஆனால் உயிரே இல்லாத பிரியானை எப்படிக் கொல்வது? பிரஷர் குக்கருக்குள் சுமார் 120 டிகிரி சூடுதான் இருக்கும். அதற்கெல்லாம் பிரியான் அசையாது.

சாட்சிகள்

1. பப்புவா நியூ கினியாவில் போரே மக்கள் இறந்த உறவினரின் உடலைச் சாவுச் சடங்கில் உண்டனர். அதனால் 'குரு' என்ற மூளை நோய் பரவியது. வழக்கம் நின்றதும் நோயும் படிப்படியாக மறைந்தது. ஆனால் சிலருக்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் நோய் வெளிப்பட்டது.

2. பிரிட்டனில் 1986-ல் 'பைத்தியப் பசு' நோய் கண்டறியப்பட்டது. 1990-ல் விவசாய அமைச்சர் ஜான் கம்மர், பயமில்லை என்று காட்டுவதற்காகக் கேமரா முன்னால் தன் சிறு மகளுக்கு மாட்டிறைச்சி பர்கர் கொடுத்தார். 1996-ல் அதே அரசு, மனிதருக்கும் நோய் வந்திருக்கலாம் என்று அறிவித்தது. அங்கே மாண்டவர் 178 பேர்.

3. இனி மான். 2005-ல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு விருந்தில் நோயுற்ற மானின் கறி பரிமாறப்பட்டுவிட்டது. அதில் கலந்துகொண்ட சுமார் 80 பேரைப் பல ஆண்டுகள் கண்காணித்தார்கள். அந்நோய் யாருக்கும் வரவில்லை.

4. ஆய்வகத்தில் அணில் குரங்குகளுக்கு நோய் தொற்றியது. ஆனால் நமக்கு இன்னும் நெருங்கிய மக்காக் குரங்குகளுக்கு, ஓர் அமெரிக்க ஆய்வில் பத்தாண்டுக்கு மேலாகியும் தொற்றவில்லை. 2024-ல் வெளியான ஆய்வில், ஆய்வகத்தில் வளர்த்த மனித மூளைத் திசுவிலும் தொற்றவில்லை.

5. அதே 2024-ல், மான் கறி உண்ட இரு வேட்டைக்காரர்கள் மூளை நோயால் இறந்ததாக ஓர் அறிக்கை வந்தது. ஆனால் அந்த வகை நோய், மான் கறியே தொடாதவர்களுக்கும் ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் ஒருவர், இருவருக்குத் தானாகவே வருகிறது. எனவே மான்தான் காரணம் என்று நிரூபணமாகவில்லை.

முடிவு

மானிடமிருந்து மனிதனுக்கு இந்நோய் வந்ததாக இதுவரை ஒரு நிரூபணமும் இல்லை. அப்படின்னா பயமில்லாமல் சாப்பிடலாமா? கூடாது. 'நிரூபணம் இல்லை' என்பது வேறு, 'ஆபத்து இல்லை' என்பது வேறு. 1990-ல் அந்த அமைச்சர் இரண்டையும் ஒன்றாக்கினார். வந்தால் மருந்தில்லாத நோய் இது. ஆகவே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வேட்டைக்காரர்களுக்குச் சொல்வது: நோய் உள்ள பகுதியில் மானைச் சோதித்த பிறகே உண்ணுங்கள், நோய் இருந்தால் உண்ணாதீர்கள், அறுக்கும்போது கையுறை அணியுங்கள், மூளை, முதுகுத்தண்டைத் தொடுவதைத் தவிருங்கள்.

நண்பர்களே, நாளை நாம் ஒரு தொழிற்சாலையில் சோதனைச் சான்றில் கையெழுத்துப் போடப் போகிறவர்கள். பாய்லர் இதுவரை வெடிக்கவில்லை என்பதற்காக யாராவது சேப்டி வால்வைக் கழற்றுவோமா?