கொலு பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுவோர் அறிய வேண்டியவை

புரட்டாசி நெருங்கும்போது நம் நகரியத்தின் பல வீடுகளில் பரணிலிருந்து கொலுப் பெட்டிகள் இறக்கப்படுகின்றன. நிறம் மங்கிய தசாவதாரமும், சாயம் உதிர்ந்த செட்டியாரும், கும்பகர்ணனை எழுப்ப முரசறையும் வீரர் கூட்டமும் புது வண்ணத்துக்குக் காத்திருக்கின்றன. அருகிலுள்ள பண்ருட்டி வட்டாரத்திலோ இது பருவகால விருப்பம் அன்று. பல குடும்பங்களின் வாழ்வாதாரம். இரு சாராருக்கும் பொதுவான சில மருத்துவச் செய்திகளை இப்பாடத்தில் தொகுத்துத் தருகிறோம். இக்கலையைக் கைவிடுமாறு நாங்கள் கூறவில்லை. தீங்கு எவ்வழியாக உடலுக்குள் நுழைகிறது என்பதை அறிந்தால், அவ்வழியை அடைப்பது எளிது.

வேலையின் இயல்பு

களிமண்ணை அச்சில் அழுத்தி, உலர்த்தி, சூளையில் சுட்டு, வெள்ளைப் பூச்சுக் கொடுத்த பின்னரே வண்ணம் தீட்டும் பணி தொடங்குகிறது. நூறு பொம்மைகள் இருப்பின் அவற்றை ஒவ்வொன்றாக முடிப்பதில்லை. முதலில் அனைத்துக்கும் உடல்நிறம், அடுத்து அனைத்துக்கும் உடை, பின்னர் நகை, இறுதியில் கண் என வரிசையாகத் தீட்டுவர். மேலை நாடுகளில் மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்காக நூற்றுக்கணக்கான சிறு படைவீரர்களுக்கு வண்ணம் தீட்டுவோரும் பெரும்பாலும் இம்முறையையே கையாளுகின்றனர்.

இம்முறையால் வேலை விரைவில் முடியும். ஆயினும் ஒரே அசைவை நூறு முறை செய்கிறோம். ஒரே வண்ணத்தை நூறு முறை தொடுகிறோம். ஒரு பொம்மையால் விளையாத கேடு நூறு பொம்மைகளால் விளையக்கூடும். படையாகத் தீட்டுவோர் இதை மறத்தலாகாது.

காரீயம் என்னும் மறைபகை

வீட்டில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. நாம் இங்கே பேசுவது காரீயம். எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913-ஆம் ஆண்டில் பொம்மைப் போர்வீரர் விளையாட்டுக்கு விதிநூல் எழுதியபோது, அவ்வீரர்கள் காரீயக் கலவையில் வார்க்கப்பட்டவர்களாகவே இருந்தனர். நம் பொம்மைகளின் உடலோ மண்ணும் காகிதக் கூழும். எனவே நம் கவலை உடலைப் பற்றியது அன்று; மேற்பூச்சைப் பற்றியது. பளிச்சிடும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகிய நிறங்களுக்குக் காரீயச் சேர்மங்கள் நெடுங்காலம் பயன்பட்டு வந்துள்ளன.

உடல் காரீயத்தைச் சுண்ணாம்புச் சத்து என்றே கருதி எலும்பில் சேமிக்கிறது. அங்கே அது பல்லாண்டுகள் தங்குகிறது. கருவுற்ற காலத்தில் தாயின் எலும்பிலிருந்து வெளியேறிக் குழந்தையைச் சென்றடைகிறது. விழுங்கிய காரீயத்தைப் பெரியோரைவிடச் சிறு குழந்தைகளின் குடல் நான்கு, ஐந்து மடங்கு மிகுதியாக உறிஞ்சுகிறது. வளரும் மூளையின் கற்கும் திறனும் கவனமும் குறைகின்றன. இவ்விழப்பு பெரும்பாலும் மீள்வதில்லை. பெரியோருக்கு வயிற்றுவலி, மலச்சிக்கல், குருதிச்சோகை, உயர் இரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை தோன்றலாம். பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை.

இந்தியாவில் வீட்டு உபயோக, அலங்கார வண்ணங்களில் காரீயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என 2016-இல் விதி வகுக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. இவ்விதி தொழிற்சாலை வண்ணங்களுக்குப் பொருந்தாது. எனவே இயந்திரங்களுக்கும் வாகனங்களுக்கும் வாங்கி மீந்த பெயிண்டைப் பொம்மைக்குப் பூசுதல் கூடாது. டப்பாவின் மேல் காரீய அளவு குறித்த வாசகம் உள்ளதா எனப் பார்த்து வாங்குங்கள்.

தூரிகையும் உதடும்

கண்ணும் புருவமும் தீட்டத் தூரிகையின் முனை ஊசிபோல் இருத்தல் வேண்டும். அதற்காக முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. இதன் விளைவை உலகம் ஒருமுறை கண்டிருக்கிறது. அமெரிக்காவின் நியூஜெர்சி மாகாணத்தில் ஆரஞ்சு நகரத் தொழிற்கூடம் ஒன்றில் இளம்பெண்கள் கடிகார முகப்புகளுக்கு இருளில் ஒளிரும் ரேடிய வண்ணம் தீட்டினர். முனையை உதட்டில் கூராக்குமாறு அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் தாடை எலும்பு அழுகியும் குருதி குன்றியும் பலர் மாண்டனர். ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928-இல் இழப்பீட்டுடன் முடிந்தது.

நம் வண்ணங்களில் ரேடியம் இல்லை. ஆனால் வழி அதே வழிதான். ஒவ்வொரு முறையும் உட்செல்வது கடுகளவுகூட இராது. நூறு பொம்மைகளுக்கு இருநூறு கண்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். ஈரத் துணியில் தூரிகையை உருட்டி எடுத்தாலே முனை கூராகிவிடும்.

பழைய பொம்மைகள்

பாட்டி காலத்துப் பொம்மைகளில் உள்ள பூச்சு, மேற்சொன்ன விதிக்கு முற்பட்டது. அதை உப்புத்தாளால் உலர்ந்த நிலையில் தேய்க்கும்போது எழும் தூசி தரையில் படிகிறது. தவழும் குழந்தையின் கை அத்தரையில் பட்டு வாய்க்குப் போகிறது. ஆகவே:

1. பழைய பூச்சைச் சுரண்டாமல், ஈரத் துணியால் துடைத்து அதன்மேல் புதுப் பூச்சுத் தருவது நன்று. உதிரும் இடத்தை மட்டும் நனைத்துத் தேய்க்கலாம்.
2. கீழே செய்தித்தாள் விரித்து, முடிந்ததும் மடித்து அப்புறப்படுத்துங்கள். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள்.
3. வேலை நடக்கும் அறையில் குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் இருத்தல் கூடாது. அங்கே உண்ணவும் பருகவும் கூடாது.
4. கைகளைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். கைக்குத் தடவும் கிருமிநாசினி காரீயத்தை அகற்றாது.
5. பழைய மரப்பாச்சியைக் குழந்தையின் கையில் தரும்முன், அதன்மேல் பூச்சு உள்ளதா எனப் பாருங்கள். பூச்சுள்ளதைக் கடிக்க விடாதீர்கள்.

வெறும் வயிற்றிலும், இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த உடலிலும் காரீயம் மிகுதியாக ஏறுகிறது. உணவுண்ட பின் வேலையைத் தொடங்குவதும், கீரை, கேழ்வரகு, பால் ஆகியவற்றை உணவில் சேர்ப்பதும் துணைசெய்யும்.

கண், கழுத்து, மூச்சு

நுண்ணிய வேலையில் கண் இமைப்பது குறைவதால் கண் உலர்ந்து எரிகிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தொலைவிலுள்ள பொருளை இருபது நொடி பாருங்கள். வலக்கைப் பழக்கம் உடையோருக்கு விளக்கு இடப்புறம் இருந்தால் கையின் நிழல் பொம்மைமேல் விழாது. நாற்பதைக் கடந்தோர் வெள்ளெழுத்துக் கண்ணாடியைச் சரிபார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

தரையில் அமர்ந்து குனிவதைக் காட்டிலும், பொம்மையை உயரமான பலகைமேல் வைத்துக் கண்ணுக்கு அருகே கொண்டுவருவது கழுத்துக்கு நல்லது. ஒரு நிறம் காயும் நேரத்தை உங்கள் ஓய்வு நேரமாகக் கொள்ளுங்கள். எழுந்து நடந்து, தோளையும் விரல்களையும் நீட்டி மடக்குங்கள்.

தின்னர், டர்பன்டைன் ஆகியவற்றின் ஆவி தலைவலியும் மயக்கமும் தரும். ஆஸ்துமா உள்ளோருக்கு மூச்சுத்திணறலைத் தூண்டும். சன்னல்களைத் திறந்து வையுங்கள். இயன்றவரை நீரில் கரையும் வண்ணங்களையே தேர்ந்தெடுங்கள். உலர்ந்த களிமண்ணைத் தேய்க்கும் தொழிலாளர்களுக்கு அத்தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலைத் தழும்பாக்கி, காசநோய்க்கும் இடந்தரும். மண்ணை ஈரமாகக் கையாளுவதே முதற் பாதுகாப்பு.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

காரணம் தெரியாத வயிற்றுவலியும் மலச்சிக்கலும் தொடர்ந்தால், இரும்புச்சத்து மாத்திரைக்குக் குருதிச்சோகை தணியாவிட்டால், மணிக்கட்டு வலுவிழந்து தொங்கினால், குழந்தையின் படிப்பும் பேச்சும் பின்தங்கினால், அல்லது இருமல் இரண்டு வாரத்தைக் கடந்தால் தாமதமின்றி வாருங்கள். வரும்போது, வீட்டில் பொம்மை வேலை நடப்பதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். வழக்கமான குருதிப் பரிசோதனையில் காரீயம் தெரியாது. அதற்கெனத் தனிப் பரிசோதனை உண்டு. நோயாளி சொன்னால்தான் அதைச் செய்யும் எண்ணம் மருத்துவருக்கு எழும்.

ஒரு டெசிலிட்டர் குருதியில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் காரீயம் இருந்தால், அது வரும் வழியைக் கண்டறிந்து தடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அளித்த வழிகாட்டுதல். மிகுந்த அளவுக்கு மருந்துகள் உண்டு. குறைந்த அளவில், வழியை அடைப்பதே சிகிச்சை.

வண்ணம் தீட்டுபவர் கவனம் முழுவதும் பொம்மையின் முகத்தில் நிலைத்திருக்கும். அவர் தூரிகையை உதட்டுக்குக் கொண்டுபோவதையும், குழந்தை அறைக்குள் தவழ்ந்து வருவதையும் முதலில் காண்போர் வீட்டிலுள்ள மற்றவர்களே. கண்டதும் தடுக்கும் பொறுப்பை அவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டுகிறோம்.