வேகப்பந்து வீசும் பிள்ளையின் இடுப்பு வலி: என்ன செய்வது?

மே விடுமுறையில் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் பக்கத்தில் வேகமாகப் பந்து வீசும் பிள்ளையை யாரும் சும்மா விடுவதில்லை. காலையில் நெட், மாலையில் ஊர் அணிக்கு டென்னிஸ் பால் மேட்ச், ஞாயிறன்று கடற்கரை மணலில் இன்னொன்று. மொத்தம் எத்தனை பந்து என்ற கணக்கு எந்த கோச்சிடமும் இருக்காது. அடிமுதுகு எலும்பில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்னும் கீறல் வருவது பெரும்பாலும் இப்படித்தான். பந்தை விடும் நொடியில் முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கிக்கொள்கிறது; ஊன்றும் முன்காலில் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை இறங்குகிறது. வளரும் எலும்புக்கு ஓய்வு வேண்டும்.

முதலில் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். நெட், மேட்ச், தெரு எல்லாம் சேர்த்து வீசிய பந்துகளைப் பிள்ளையே தினமும் எழுதட்டும். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 13 வயதுக்குட்பட்டோருக்குத் தொடர்ச்சியாக 5 ஓவர், நாளுக்கு 10 ஓவர் என்றும், 15 வயதுக்குட்பட்டோருக்கு 6, 12 என்றும் வரம்பு வைத்தது. நம் கத்திரி வெயிலில் அதற்கும் குறைவாக வீசுவதே நல்லது. பரீட்சைக்காக இரண்டு மாதம் விட்டிருந்தால், முதல் வாரமே முழு வேகம் வேண்டாம்.

அடுத்து, பின்னாலிருந்து செல்போனில் வீடியோ எடுத்து கோச்சிடம் காட்டுங்கள். இடுப்பு ஒரு திசையும் தோள் வேறு திசையும் பார்த்தால் ஆக்‌ஷனை மாற்ற வேண்டும். பிளாங்க், சைடு பிளாங்க், தொடையின் பின்தசைக்கான பயிற்சி ஆகியவை வாரத்தில் மூன்று நாள் போதும்.

வலக்கைப் பந்துவீச்சாளருக்குப் பெரும்பாலும் இடப்பக்க அடிமுதுகில்தான் வலிக்கும். ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளையும்போது வலி கூடினால் அன்றே பந்துவீச்சை நிறுத்துங்கள். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவுவதும், முதுகில் மிதிக்க வைப்பதும் கூடவே கூடாது. வலி மாத்திரை போட்டு மைதானத்துக்கு அனுப்புவது அதைவிட மோசம். எலும்பு மருத்துவரைப் பாருங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. ஆரம்பக் கீறல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம் என்பதால், எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்கச் சிரமம் வந்தாலோ உடனே போக வேண்டும்.

கீறல் ஆற மாதக்கணக்கில் ஓய்வு வேண்டியிருக்கும். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கு 1973-இல் முதுகில் இதே முறிவுதான். ஓராண்டுக்கு மேல் விலகியிருந்து, உடலைத் தேற்றி, 1974 இறுதியில் ஆஷஸ் ஆட வந்தார். 1987 முதல் சென்னை எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனில் நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். அடுத்த வாரம் செலக்‌ஷன் இருந்தாலும், வலியோடு இருக்கும் பிள்ளையைப் பந்து வீச அனுப்பாதீர்கள்.