கல்கத்தாவைப் படமெடுக்கும் தம்பிக்கு



எழுபதுகளின் கல்கத்தா பற்றிய உன் ஆவணப்படக் குறிப்பைப் படித்தேன். ஒருபுறம் நக்சல்பாரித் தலைவர் சாரு மஜும்தார், மறுபுறம் அரசு. இரு தலைமைகள் மோதிய போராக அதை எழுதியிருக்கிறாய். அந்தக் கணக்கு அந்த ஊருக்குப் பொருந்தாது.

1969 மே நாளில் கல்கத்தா மைதானத்தில் சாருவின் தோழர் கானு சன்யால் நக்சல்பாரிகளின் புதிய கட்சியான சிபிஐ (எம்எல்)-ஐ அறிவித்தார். அடுத்த ஆண்டு சாரு எழுதிய கொரில்லா வழிகாட்டுதலைத் தேடிப் படி. தாக்கும் குழுவை ரகசியமாகச் சேர்க்க வேண்டும், உள்ளூர்க் கட்சிக் கிளைக்குக்கூடத் தெரியக் கூடாது என்கிறார். கிராமத்துப் பண்ணையாரை மனதில் வைத்துச் சொன்னது அது. நகரத்துக்கு வந்ததும் ஒவ்வொரு பேட்டையும் தனக்கான எதிரியைத் தானே தேர்ந்துகொண்டது. போலீஸ்காரர்களும் மார்க்சிஸ்ட் கட்சித் தொண்டர்களும் செத்தார்கள். கொல்வதென்று முடிவெடுக்க நாலைந்து பையன்கள் போதும். நிறுத்தச் சொல்ல யாருமில்லை. 1970 டிசம்பர் 30 அன்று, ஓய்வுபெறும் தறுவாயில் இருந்த ஜாதவ்பூர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் கோபால் சென் வளாகத்துக்குள்ளேயே கொல்லப்பட்டார்.

அரசும் இதே வழிக்கு வந்தது. உன் படம் தங்கி நிற்க வேண்டிய இடம் இதுதான். 1971 ஆகஸ்ட் 12, 13, நகரின் வடக்கே காசிப்பூர்-பராநகர். உள்ளூர்க் காங்கிரஸ் பிரமுகர் ஒருவர் கொல்லப்பட்டதும் கும்பல்கள் வீடு வீடாகப் புகுந்து இளைஞர்களை வெளியே இழுத்துக் கொன்றன. போலீஸ் தடுக்கவில்லை. அப்போது மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி. கொன்றவர்கள் சீருடை அணியவில்லை; அதனால் அரசு யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதிலேயே இன்றும் ஒருமித்த கணக்கு இல்லை. ஆயுதமேந்தும் உரிமை தனக்கு மட்டுமே என்று சொல்லும் அரசு, அவசரம் வந்தபோது அதைப் பேட்டை ரவுடிகளுக்குக் குத்தகைக்கு விட்டது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

சாரு 1972 ஜூலை 16 அன்று பிடிபட்டு, 28 அன்று காவலில் இறந்தார். உன் குறிப்பில் அதுவே உச்சக்காட்சி. என் கணிப்பில் நகரத்துப் போர் அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

ஆகவே லால்பஜார் போலீஸ் தலைமையகத்துக்குப் போகும் முன் காசிப்பூருக்குப் போ. அன்றைய பையன்களில் உயிரோடிருப்பவர்களுக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். உத்தரவு யாருடையது என்று பிறகு கேட்கலாம். எந்தக் கதவைத் தட்டுவதென்று கும்பலுக்குக் காட்டியது யார் என்று முதலில் கேள். பதில் சொல்பவர் அதே சந்தில்தான் நாளையும் குடியிருக்க வேண்டும். முகத்தைக் காட்டாதே என்று அவர் சொன்னால், தயவுசெய்து காட்டாதே.