கல்லெழுத்தும் நம் இளைஞரும்

"நீ யார்?" என்று உலகம் ஒவ்வோர் இளைஞனையும் வினவுகின்றது. தன் வரலாற்றைக் கற்றவன் தானே விடை பகர்வான்; கல்லாதவனுக்குப் பிறர் சூட்டிய பெயரே விடையாகிவிடும். சாதியைத் துறந்து தம்மத்தைத் தழுவிய நம் இல்லங்களில் இவ்வுண்மையை மறத்தல் ஆகாது. பெற்றோர் துறந்த பெயரைப் பிள்ளைகள்மீது பிறர் மீண்டும் சுமத்த முற்படுவர். அதனை மறுத்தற்குரிய வலிமை அறிவால் வருவதேயாம்.

தில்லிவாழ் தமிழர்க்கு இதற்கான பாடநூல் கல்லிலேயே அமைந்துள்ளது. பிரோஸ் ஷா கோட்லாவில் நிற்கும் அசோகத் தூணை, 14-ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் தோப்ரா என்னும் ஊரிலிருந்து கொணர்ந்து நாட்டினார். அதன் எழுத்தை அக்காலத்து அறிஞர் எவராலும் படிக்க இயலவில்லை. 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்தறிந்த பின்னரே, வழிப்போக்கர்க்காக நிழல்மரம் நட்டதையும் கிணறு தோண்டியதையும் பற்றிய அசோகர் மொழிகள் உலகிற்கு விளங்கின. கண்முன் நிற்பதனால் மட்டும் ஒன்று நம் மரபாகிவிடாது, கற்றால்தான் நமதாகும்.

1966-இல் தெற்குத் தில்லியின் பஹாபூரில், ஒரு பாறையில் அசோகரின் சிறு சாசனம் ஒன்று கண்டறியப்பட்டது. தாம் உபாசகரான தொடக்கத்தில் முயற்சி போதாதிருந்ததையும், சங்கத்தை அணுகிய பின் ஊக்கம் மிகுந்ததையும் பேரரசர் அதிற் கூறுகின்றார். முயற்சியின் பயன் பெரியோர்க்கே உரியதன்று, எளியோரும் அடையத்தக்கது என்பதே அதன் சாரம். பிறப்பை விடுத்து முயற்சியை அளவுகோலாகக் கொண்ட இச்சாசனத்தினும் சிறந்த பாடம் நம் பிள்ளைகட்கு வேறு யாது?

பிராமியின் தமிழ் வடிவத்தை மதுரையை அடுத்த மாங்குளத்திற் காணலாம். அஃது சமணத் துறவியர்க்கு அளித்த கொடையைக் கூறுவது. அதனைப் பௌத்தச் சின்னமென்று உரைத்துப் பெருமை தேடுதல் தகாது. பொய்யால் எழுப்பிய பெருமை முதல் வினாவிலேயே சரிந்துவிடும். மேலும், முன்னோர் பெருமையை மட்டும் பேசித் திரிவது புதியதொரு பிறப்புச் செருக்கேயன்றி வேறன்று.

1898-இல் பண்டிதர் அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியதும், 1956-இல் பாபாசாகேப் அம்பேத்கர் நாகபுரியில் தம்மம் தழுவியதும் வரலாற்றைத் தாமே ஆராய்ந்ததன் விளைவன்றோ!

ஆதலின், விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கோட்லாவிற்கும் பஹாபூருக்கும் அழைத்துச் செல்வோமாக. பிராமியில் அவரவர் பெயரை எழுதப் பயிற்றுவோமாக. எதையும் ஆராய்ந்து ஏற்கும் பழக்கமே நாம் அவர்கட்கு விட்டுச்செல்லும் உண்மையான செல்வமாகும்.