இணையவழி யோகா: திரைக்கு முன் அமர்வதற்கு முன்

"வீட்டிலிருந்தே இணைய வகுப்பில் யோகா கற்கலாமா?" என்று நோயாளிகள் பலர் எங்களிடம் கேட்கின்றனர். தாராளமாகக் கற்கலாம். ஆயினும் திரைக்கு அப்பாலுள்ள ஆசிரியர் உங்கள் அசைவைத்தான் காண்பார். நோயை அவரால் காண இயலாது. அதை முதல் வகுப்பிற்கு முன்பே நீங்கள் அவரிடம் கூறிவிட வேண்டும்.

கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோய் உள்ளோர் சிரசாசனம் போன்ற தலைகீழ் ஆசனங்களைச் செய்யலாகாது. அப்போது கண்ணின் உள்ளழுத்தம் உயரும். எலும்பு அடர்த்தி குறைந்தோர் முதுகை வளைத்து முன்குனிந்தால் முதுகெலும்பு முறியக்கூடும். உயர் இரத்த அழுத்தம் உள்ளோர் மூச்சை அடக்கும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். இன்சுலின் செலுத்திக்கொள்வோர் பயிற்சிக்கு முன் சர்க்கரை அளவைப் பார்த்து, குளுக்கோஸை அருகில் வைத்துக்கொள்வது நன்று.

பழக்கம் நிலைக்க, வாரம் ஒருநாள் ஒரு மணி நேரம் செய்வதைவிட நாள்தோறும் ஒரே நேரத்தில் 15 நிமிடம் செய்வது மேல். பதிவுசெய்த காணொளியைவிட, ஆசிரியர் திருத்தக்கூடிய நேரலை வகுப்பே தொடக்கத்தில் ஏற்றது. முழு உடலும் தெரியுமாறு கைப்பேசியைச் சற்றுத் தள்ளி வையுங்கள். வழுக்காத விரிப்பு வேண்டும். முதல் சில வாரங்கள் வீட்டார் ஒருவர் உடனிருக்கட்டும்.

தலைசுற்றலோ மூச்சுத்திணறலோ தோன்றினால் உடனே நிறுத்துங்கள். நெஞ்சுவலி எனில் 108-ஐ அழையுங்கள். வகுப்பு முடியட்டும் என்று காத்திராதீர்கள்.

உடல் இலகுவானதாக உணர்ந்து, மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்திவிடுவோர் உண்டு. யோகா மருந்துக்குத் துணையே அன்றி மாற்று அன்று. அளவைக் குறைக்கலாமா என்பதை அடுத்த வருகையின்போது சேர்ந்தே முடிவு செய்வோம்.