பாட்டி போட்ட குரோஷா

கேள்வி: பாட்டி போட்ட குரோஷா மேசை விரிப்பு ஓரம் நைந்துவிட்டது. அதே டிசைனைப் போட ஆசை. பழைய பேட்டர்ன், நூல் எங்கே கிடைக்கும்?
– வாசகி, உத்திரமேரூர்

பதில்: நீங்கள் தேடும் பேட்டர்ன் அந்த விரிப்பிலேயே இருக்கிறது. கறுப்புத் துணி மேல் அதை விரித்து, பகல் வெளிச்சத்தில் கட்டங்களை எண்ணுங்கள். கணக்குக் கட்ட நோட்டில் அடைத்த கட்டத்துக்குப் பெருக்கல் குறி போட்டு, திறந்ததை வெறுமையாக விடுங்கள். பத்துப் பதினைந்து வரிசை போனதும் ரோஜாவோ மயிலோ தானாகத் தெரியும்.

பழைய பேட்டர்ன் புத்தகங்களுக்கு, சென்னை சென்ட்ரல் அருகே மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் பொறுமையாகத் தேடுங்கள். நூலும் ஊசியும் வாங்க பாரிமுனை ரத்தன் பஜார். தேவையான நூலை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். பிறகு வாங்கினால் வெள்ளையிலும் சாயல் மாறும்.

ஒரு எச்சரிக்கை: பழைய பிரிட்டிஷ் புத்தகத்தின் ‘டபுள் குரோஷா’தான் இன்றைய அமெரிக்க வீடியோக்களில் ‘சிங்கிள்’.

முதலில் உள்ளங்கை அளவு போட்டுப் பாருங்கள். பாட்டியின் கைப்பக்குவம் உங்கள் விரலுக்கும் வந்துவிடும்.