கையெழுத்துப் போடும் முன்

முக்கொம்பு

அன்புள்ள பாப்பாவுக்கு, மாமா எழுதுவது.

போனில் நீ சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். போனிலேயே பதில் சொன்னால் அக்காள் காதுக்கு எப்படியாவது போய்விடும், அதனால்தான் கடிதம்.

உன் அம்மாவுக்குத் தம்பி மேல்தான் பிரியம் அதிகம். "தாய்க்கு எல்லாப் பிள்ளையும் ஒன்றுதான்" என்று நாலு பேர் உனக்குச் சமாதானம் சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிக்கு அலைகிறவள் நீ, ஓசூரிலிருந்து அவன் போன் வந்தால்தான் அவளுக்கு முகம் மலர்கிறது. நானும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

உனக்குத் தெரியாத ஒன்று. எங்கள் வீட்டில் நான்தான் செல்லப்பிள்ளை. மீன் குழம்பில் நடுத்துண்டு எனக்கு, வால் உன் அம்மாவுக்கு. அவளை எட்டாவதோடு நிறுத்திவிட்டு என்னைப் பாலிடெக்னிக்குக்கு அனுப்பினார்கள். வால் துண்டு தின்று வளர்ந்தவள் தன் மகளுக்கு நடுத்துண்டு போடுவாள் என்றுதானே எதிர்பார்ப்போம்? அவள் தன் அம்மாவிடம் பார்த்ததையே செய்கிறாள். நடுத்துண்டு வாங்குகிறவனுக்கோ அது பாரபட்சம் என்றே தோன்றாது. சோறு போடுவது அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வான். அதற்கு அவன் கொடுக்கிற விலையும் ஒன்று உண்டு. வெளியூர் வேலை கிடைத்தும் என் அம்மா விடவில்லை. கடைசிவரை கண் எதிரிலேயே இருக்க வேண்டும் என்று இந்த முக்கொம்பு மேலணையிலேயே வொர்க் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றேன்.

மேலணைக் கதையும் கொஞ்சம் கேள். மாமா ஆற்றைப் பிடித்துக்கொண்டு உபதேசம் ஆரம்பித்துவிட்டார் என்று நீ சிரிப்பாய், பரவாயில்லை. ஒரே ஆறு இங்கே வந்து காவிரி, கொள்ளிடம் என்று இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, சரிவு அதிகம், கடலுக்குப் போகிற தூரமும் குறைவு. தண்ணீர் அந்தப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. காவிரி மணல்மேடிட்டு, தஞ்சாவூர் வயல்கள் வாடின. காவிரி என்ன தப்பு செய்தது? 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்ட ஆரம்பித்தார். அப்புறம் காவிரிப் பக்கம் அளவுக்கு மீறிப் பாய்ந்து, 1840-களில் அங்கேயும் ஒரு தடுப்புப் போட வேண்டியதாயிற்று. உங்கள் வீட்டிலும் அப்படித்தான். உன் தம்பி குறைமாதத்தில் பிறந்து, பிழைப்பானா மாட்டானா என்று கிடந்தவன். உன் அம்மா மனசில் அந்தச் சரிவு அன்றைக்கு விழுந்தது. நீ இன்னும் நாலு தடவை கூடுதலாக ஆஸ்பத்திரிக்கு அலைந்து அதை நிமிர்த்திவிடலாம் என்று பார்க்கிறாய். அதுதான் எனக்கு வருத்தம்.

பெற்றவர் பாரபட்சம் வீட்டோடு நிற்காமல் போனதும் உண்டு. மாறவர்மன் குலசேகர பாண்டியன் பட்டத்தரசி மகன் சுந்தர பாண்டியனை விட்டுவிட்டு, வேறொருத்திக்குப் பிறந்த வீர பாண்டியனைத் தூக்கிவைத்தான். 1310-ல் சுந்தரன் தகப்பனையே கொன்றான் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் எழுதியிருக்கிறார். சகோதரர்கள் இருவரும் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான், 1311-ல், மாலிக் கபூரின் படை மதுரை வரை வந்தது. தகப்பன் செய்ததற்குப் பிள்ளைகள் ஒருவரையொருவர் தீர்த்துக்கட்டப் பார்த்தார்கள். உன் கோபமும் இப்போது அம்மாவை விட்டுத் தம்பி பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது, பேச்சிலேயே தெரிகிறது.

அவனிடம் நேரடியாகப் பேசு. அம்மா வழியாகப் போகிற எந்தச் சேதியும் குறையாகத்தான் போய்ச் சேரும். "மருந்துச் செலவு இவ்வளவு ஆகிறது, பாதி நீ அனுப்பு, மாதத்தில் ஒரு சனி ஞாயிறு வந்து இரு, அன்றைக்கு நான் என் வீட்டில் இருப்பேன்" என்று தொகையையும் தேதியையும் சொல்லிக் கேள். பழைய மனக்குறை எதையும் அதில் சேர்க்காதே. தைப்பூசத்துக்கு ஸ்ரீரங்கம் பெருமாளிடமிருந்து சமயபுரம் அம்மனுக்குக் கொள்ளிடக் கரையில் சீர் வருகிறதே, அண்ணன் தங்கைக்குத் தருவது. நடுவில் தாய் தகப்பன் யாரும் இல்லை பார்.

இனி, வீட்டில் உன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுப்பதாக உன்னிடம் கையெழுத்துக் கேட்கிற அந்த விடுதலைப் பத்திரம். வீடு உன் அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கியது. உயில் எழுதாமல் போய்விட்டார். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீ, தம்பி மூவருக்கும் சமபங்கு. "கல்யாணத்துக்கு நகை போட்டாச்சே" என்பதால் உன் பங்கு கழிந்துபோகாது. அம்மா தன் மூன்றில் ஒரு பங்கை யாருக்கு வேண்டுமானாலும் எழுதட்டும், அதில் நீ தலையிடாதே. உன் பங்கை நீ விட்டுக்கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. விட்டுக்கொடுத்தால் அம்மா உன்னைத் தூக்கிவைப்பாள் என்ற எண்ணம் மனசின் ஒரு மூலையில் இருந்தால்கூடக் கையெழுத்துப் போடாதே. பத்து நாள் சந்தோஷமாக இருப்பாள், பதினோராம் நாள் மறுபடி ஓசூர் போன்தான். அவனுக்குக் கொடுக்க உனக்கே மனசு இருந்தால் தாராளமாகக் கொடு, நான் குறுக்கே நிற்க மாட்டேன். பதிந்துவிட்டால் திரும்பப் பெறுவது லேசில்லை, அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். மாப்பிள்ளையிடமும் கலந்து பேசு. வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று இரண்டையும் வாங்கி வை. பத்திர நகலை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பு. தெரிந்த வக்கீலிடம் காட்டுகிறேன்.

அக்காளிடம் பேசச் சொன்னாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து பேசுகிறேன், தம்பியையும் போனில் வைத்துக்கொண்டு. வீட்டைப் பற்றியும் மருந்துச் செலவைப் பற்றியும் பேசுவேன். அவள் யார்மேல் எவ்வளவு பிரியம் வைத்திருக்கிறாள் என்பதைப் பற்றி என்னைப் பேசச் சொல்லாதே.

இப்படிக்கு,
மாமா